பேர் சொல்லாத விருந்தாளி

எங்கள் தறிக்கூடத்துச் சுவரில், ஓர் ஆணியில், மரத்தாலான எலிப்பொறி ஒன்று தொங்குகிறது. அதன் கம்பியில் கோத்த தேங்காய்ச் சில்லு, எறும்பு தின்றதுபோக இன்று மிளகளவு கருகிக் கிடக்கிறது. கோத்தவன் நான். எடுத்தெறிய என் கை இன்னும் துணியவில்லை.

பட்டு நெய்பவன் வீட்டில் எலி என்பது சிறு தொல்லையன்று. கஞ்சி போட்டுத் தறியில் ஏற்றிய பாவுநூலின் வாசனைக்கே அது வந்துவிடும். ஒரு கடியில் அறுந்த இழைகளைப் பிணைக்க ஒரு பகல் முழுதும் போகும். ஆகையால் என் மனைவி இவ்வீட்டைக் கோட்டையைப்போல் காத்தாள். எலி வளைகளைக் கண்ணாடிச் சில்லும் களிமண்ணும் பிசைந்து அடைப்பாள். அரிசிப் பானையில் காய்ந்த வேப்பிலை இடுவாள். கொல்லைக் கத்தரியில் அசுவினிப் பூச்சி கண்டால், இலையில் பனி ஈரம் காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவுவாள். சேலைப் பெட்டியில் வசம்பு வைப்பாள். ஆனால் அதை வசம்பு என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை; எங்கள் பக்கத்துப் பெண்களின் வழக்கப்படி 'பேர் சொல்லாதது' என்பாள்.

எலிக்கும் அவ்வாறே. "பேரச் சொன்னா அதுக்குக் காது கேக்கும்ங்க. அன்னிக்கே பாவுல வாய வெக்கும்" என்பாள். எங்கள் வீட்டில் எலிக்கு வழங்கிய பெயர் விருந்தாளி. "விருந்தாளி வந்துகினு இருக்காங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தால், நான் தறியின் மிதியிலிருந்து காலை எடுத்துப் பொறியைத் தேட வேண்டும் என்று பொருள்.

அவளுடைய அண்ணன் தேவிகாபுரத்தில் பயிரிடுபவர். மானத்தை மேல்துண்டைப்போல் எந்நேரமும் தோளில் போட்டிருப்பவர். பெற்றோர் மறைந்தபின் அவளுக்குப் பிறந்த வீடு என்று எஞ்சியிருந்தது அவர் ஒருவரே. ஒரு பொங்கலுக்கு வரிசையோடு வந்தார். உறவினர் சூழ இலைமுன் அவர் அமர்ந்தபோது, நாவடக்கம் அற்ற நான், "விருந்தாளி வந்துட்டாரு, பொறிய எட்தாடி!" என்று கூவினேன். எங்கள் வீட்டு வழக்கை அறிந்தவர்கள் அனைவரும் சிரித்தனர். அவளும் சிரித்தாள், அண்ணன் முகத்தைக் கண்டதும் நிறுத்தினாள்.

"நான் எலியா மாப்ளே?" என்றார் அவர். உண்ணாத இலையை மடித்துவிட்டு எழுந்தார். ஆறு ஆண்டுகள் எங்கள் படியை மிதிக்கவில்லை.

சென்ற ஆண்டு அவள் படுக்கையில் விழுந்தாள். மருத்துவர் கைவிரித்தபின் அவள் விரும்பியது ஒன்றே: அண்ணன் ஒருதரம் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். தானே போன் செய்தாள். "பாக்கலாம்மா" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்தது. அன்றே கட்டிலை முன்னறையில் போடச் சொன்னாள்.

ஒரு நண்பகல், அவளருகே அமர்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. தறியோசையிலேயே மந்தமாகிப்போன என் செவிக்கு வேறெதுவும் எட்டவில்லை. திடீரென்று அவள் சாத்தியிருந்த வாசற்கதவின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பல நாள்களாய்க் காணாத சிரிப்பு ஒன்று அவள் உதட்டில் வந்தது.

"விருந்தாளி வந்துட்டாங்க. ஜல்தி போங்க."

இந்த நிலையிலும் பாவின்மேல் காவல் வைத்திருக்கிறாளே என்று என் நெஞ்சு நெகிழ்ந்தது. செவி மந்தமானவனின் குரல் எப்போதும் ஓங்கியே இருக்கும். "விருந்தாளியா? இரு, பொறியோட போறேன்!" என்றேன். தேங்காயை நறுக்கிக் கம்பியில் கோத்துக்கொண்டு, பின்கட்டிலுள்ள தறிக்குழியில் இறங்கி மூலைமூலையாகத் துழாவினேன். எலி இல்லை.

திரும்பி வந்தபோது அவள் என் கையிலிருந்த பொறியைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் யாரேனும் வருகிறார்களா என்று பார்த்தாள்.

"எங்கங்க, எங்க அண்ணன்?"

வாசலுக்கு ஓடினேன். கதவுக் கம்பியில் ஒரு பை தொங்கியது; உள்ளே மண் உலராத பச்சை வேர்க்கடலை, அவளுக்கு மிகவும் பிடித்தது. தெருவில் எவரும் இல்லை. பேருந்து நிலையம் வரை சென்றேன். தேவிகாபுரம் வண்டி புறப்பட்டுவிட்டிருந்தது. போனையும் அவர் எடுக்கவில்லை.

"உடுங்க. நாந்தான் அண்ணன்னு சொல்லிருக்கணும். சந்தோசத்துல வாய்ல அதான் வந்துச்சி" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். மூன்றாம் நாள் கண்மூடினாள்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு அவர் வந்தார். அதை அவள்மீது போர்த்திவிட்டு என்னிடம், "மூணு தபா கூப்ட்டேன் மாப்ளே. நீங்க பொறின்னு கத்துனது மட்டும் தெருவுக்குக் கேட்டுச்சி" என்றார்.

"நெசமாவே எலின்னுதான்..." என்று தொடங்கினேன். உண்மையே முதல் வசையைவிட இழிவாய் ஒலிக்கும் இடமொன்று உண்டு என்பதை அன்று அறிந்தேன். அவர் தங்கையின் முகத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு வரவில்லை.

இன்றும் பாவு ஏற்றுகிறேன். அவள் செய்ததுபோலவே கண்ணாடிச் சில்லும் களிமண்ணும் பிசைந்து வளைகளை அடைக்கிறேன். காதில் இப்போது கருவி இருக்கிறது. சிறு சலசலப்பும் கேட்கிறது. நேற்றுப் பகலிலும் தறிக்குழியில் ஏதோ அசைந்தது. ஆணியில் தொங்கும் பொறியை நான் தொடவில்லை. முதலில் வாசலுக்குச் சென்று, கதவைத் திறந்து, தெருவின் இருபுறமும் பார்த்தேன்.