நான் ரியாக்டிவ்

குடலிறக்க அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. தாம்பரத்து மருத்துவமனையில் இரண்டு இரவுகள் என்னுடன் ஒருவர் தங்க வேண்டும் என்றார்கள். குன்றத்தூரில் இருக்கும் மனைவியின் அண்ணன், தானே வருவதாகச் சொன்னார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த மாலை அவர் போனில் விசாரித்தார். எதையும் சுருக்கிச் சொல்வது எனக்குப் பிடிக்காது. அச்சில் இருந்தபடியே வாசித்தேன். சர்க்கரை, ஹீமோகுளோபின், பிறகு, “ஹெச்ஐவி, நான் ரியாக்டிவ்.”

“சரி மாப்ளே” என்று மெல்லச் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். மனைவி நீட்டிய காபியையும் வாங்கவில்லை.

“தப்பா நினைக்காதீங்க மாப்ளே, என்னால தங்க முடியாது. ரூம்ல ஒரே பாத்ரூம். கொசு வேற. உங்களக் கடிச்ச கொசு அடுத்து யாரைக் கடிக்கும்?”

“கொசுவுக்கு என்ன மச்சான்?”

“நானும் பாத்துகினுதான் இருக்கேன். இளைச்சுகினே போறீங்க. இருமல் வேற.”

இளைத்தது இனிப்பை நிறுத்தியதால், இருமல் எங்கள் தெருவைத் தோண்டிப் போட்ட புழுதியால் என்றேன்.

“நீங்கதானே போன்ல ஒத்துக்கிட்டீங்க, ‘நான் ரியாக்டிவ்’னு!”

அது நம்முடைய ‘நான்’ அல்ல, இங்கிலீஷ் ‘நான்’, கிருமி இல்லை என்று பொருள் என்று தாளைக் காட்டினேன். மனைவி சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, காபி தரையில் சிந்தியது.

“அதைத் தமிழ்ல சொல்லித் தொலைக்கக் கூடாதா?” என்றார் மச்சான்.

இருந்தாலும் அவரை விடவில்லை. பாதுகாப்பற்ற உறவு, ரத்தம், ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு என இப்படித்தான் பரவும். கொசுவாலும் கழிவறையாலும் பரவாது. பல வருடம் அறிகுறியே இல்லாமலும் இருக்கும், பரிசோதனைதான் சொல்லும் என்று விளக்கினேன்.

“அப்ப கொசுவால ஒண்ணுமே வராதா?”

“டெங்கு வரும்.”

“பாத்தீங்களா!” என்றார், வழக்கில் பாதி ஜெயித்தவர்போல. பிறகு செருப்பைக் கழற்றினார். “ரெண்டு நைட்டும் நானே இருக்கேன் மாப்ளே.”

“வேணாம்ணா” என்றாள் மனைவி. “நேத்து நீ போன்ல என்கிட்ட விஷயத்தைச் சொன்னதுமே, என் புடவையை எடுத்து ஆஸ்பத்திரிப் பையில வெச்சுட்டேன்.”

அவளுக்கும் சொல்லியிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முந்தின இரவு நான் பாதி குடித்து வைத்த பாலை அவள்தான் குடித்து முடித்திருந்தாள்.