நிற்காமல் ஓடிய மோட்டார்

வேங்கிக்காலில் ஒரு ரூம் எடுத்து, கிணற்று மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பெட்டிகள் செய்கிறோம், நானும் என் மச்சானும். நான் படித்தது பத்தாவது வரை. புரோகிராம் எழுதுவது மச்சான்.

அவருக்குப் பழக்கம் பைத்தான். அதில் ஒரு ஃபைலை 'வித்' என்ற சொல்லைப் போட்டுத் திறந்தால், வேலை பாதியில் நின்றாலும் திறந்ததை அதுவே மூடிவிடும். பெட்டிக்குள் இருக்கும் சின்ன போர்டுக்கு எழுதுவது சி மொழியில். அதில் எதுவும் தானாக மூடாது. பாதியில் வெளியேறும் ஒவ்வொரு இடத்திலும் மோட்டாரை நிறுத்தச் சொல்லி நாம்தான் எழுத வேண்டும். மச்சான் கடைசி வரியில் மட்டும் எழுதியிருந்தார். எனக்கும் அது உறைக்கவில்லை.

அடி அண்ணாமலையில் ஒரு விவசாயியின் கிணற்றில், தண்ணீர் மட்டம் பார்க்கும் வயரை எலி கடித்துவிட்டது. மட்டம் தெரியாததால் புரோகிராம் பாதியிலேயே வெளியேறிவிட்டது. கடைசி வரிக்குப் போகவே இல்லை. கிணறு வற்றிய பிறகும் ஓடி மோட்டார் கருகியது.

"தண்ணி கம்மியானா தானா நின்னுடும்னு சொன்னீங்களே?" என்று கேட்டார் விவசாயி.

"புரோகிராம் வெளிய வர்ற வழில மோட்டாரை நிறுத்தச் சொல்லி எழுத மறந்துட்டேங்க" என்றார் மச்சான்.

"உங்க புரோகிராம் வெளிய வந்துடுச்சு. என் மோட்டார் உள்ளயே வெந்துடுச்சு."

மச்சான் வரப்பிலேயே உட்கார்ந்து லேப்டாப்பில் திருத்தினார். எந்தப் பக்கம் வெளியேறினாலும் மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் போகும்படி செய்தார்.

கருகிய கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதுக் காயில் கட்டி மோட்டார் வர நாளானது. நல்ல வெயில்; அதுவரை பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச வழியில்லை. பெட்டியை மாட்டப் போனபோது, விவசாயி காய்ந்த நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மல்லாட்டையே போயிடுச்சு. பொட்டி எதுக்குங்க?" என்றார்.

பெட்டியை வண்டியில் வைத்துக்கொண்டு திரும்பினோம்.