ரயில்வே கேட்டில் ஒரு தலைவர் தேர்தல்

போன வாரம் திங்கட்கிழமை காலையில் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு தேர்தல் நடந்தது.

வேட்பாளர்கள் இரண்டு பேர். வாக்காளர்கள், தலையைக் கவிழ்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்த பெண்கள். தேர்தல் அதிகாரி, டிரைவர் சேகர் அண்ணன். ஓட்டு எண்ணும் மெஷின்… அவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடி!

சிரிக்காதீர்கள். அந்த இரண்டு வேட்பாளர்களில் ஒருத்தி நான்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் வேலை பார்ப்பவள் நான். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கவலைப்படுவது மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவள் எப்படித் தேர்தலில் நின்றேன்? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் பஸ்ஸுக்கு ஒரு லீடர் உண்டு. பெயர் ரமணி அக்கா. யாரும் ஓட்டுப் போட்டு வந்தவர் இல்லை. பஸ் இரவில் நிற்பது மாதனூரில், அவர் வீட்டுப் பக்கத்தில். அதனால் காலையில் முதலில் ஏறுவது அவர். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட் அவருடையது. முதல் சீட்காரர்தான் லீடர். எங்கள் பஸ்ஸில் இதுதான் வழக்கம், இதற்கு மேல் சட்டம் கிடையாது!

நல்ல மனுஷி. யாராவது வர லேட்டானால் போன் போடுவார். பஸ்ஸை விரட்டி ஓட்டினால் டிரைவரைத் திட்டுவார். ஆயுத பூஜைக்கு மாலை வாங்குவார். அதனால், "பஸ் விஷயமாப் பேசணும், ஒரு ஆள் வாங்க" என்று ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டபோது, வழக்கம்போல அவர்தான் எழுந்தார்.

போகும் முன் எங்களைக் கேட்கவும் செய்தார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"இன்னாடி, நான் போய் பேசட்டா?"

"நீங்களே பாத்து சொல்லுங்கக்கா" என்றாள் ஒருத்தி. அவளைப் பார்த்து அடுத்தவள். அவளைப் பார்த்து நான். பஸ் மொத்தமும் இதையே சொன்னது. ஒருமனதான தீர்மானம்!

திரும்பி வந்தவர் சாவகாசமாகச் சொன்னார். "பஸ் இனிமே ஹைவேயோட சரியாம்டி. உள்ளூருங்களுக்கு வராதாம். ரோடு மோசம், டீசல் ஜாஸ்தி ஆவுதுன்றாங்க. சரின்னுட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை கையெழுத்து."

ஹைவேயிலிருந்து எங்கள் ஊருக்கு ஏரிக்கரை மேல்தான் நடக்க வேண்டும். விளக்கு கிடையாது. கம்பெனி விட்டு பஸ் வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும்.

அன்று மாலை அடுத்த தெரு தேவி என் வீட்டுக்கு வந்தாள். கட்டிங் செக்‌ஷனில் வேலை. முகம் வீங்கியிருந்தது.

"பஸ் உள்ள வர்லன்னா வேலைக்கே போவாதன்னுட்டாருக்கா அவரு."

"நடந்து வர்றேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. ஏரிக்கரை மேல இருட்டுல நீ நடந்து வந்தா, நான் வீட்ல எப்டி உக்காந்துனு இருப்பேன்றாரு. அவரு சொல்றதும் நாயம்தானக்கா?"

நியாயம்தான். அதுதான் பிரச்சினையே. ஒரு நல்ல லீடர், ஒரு நல்ல கணவன், காரணம் சொல்லும் ஒரு கம்பெனி… யாருமே கெட்டவர் இல்லாமல் ஒரு பெண்ணின் வேலை போகப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை டிவியைப் போட்டேன். டெல்லியில் ஒரு கட்சியின் எம்.பி.க்கள் கூட்டம். கட்சிப் பெயர் நமக்கு எதற்கு? பெரும்பாலும் சடங்கு ஒன்றுதான். ஹாலில் எல்லோரும் கூடுவார்கள். ஒருவர் எழுந்து ஒரு பெயரை முன்மொழிவார். இன்னொருவர் வழிமொழிவார். கைதட்டல், சால்வை. 'நாடாளுமன்றக் கட்சித் தலைவராக ஒருமனதாகத் தேர்வு' என்று கீழே எழுத்து ஓடும். சில கட்சிகளில் அந்தச் சிரமம்கூட இல்லை. 'தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தலைமையிடமே விடுகிறோம்' என்று ஒற்றை வரியில் தீர்மானம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

இந்தத் தீர்மானத்தை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேனே…

ஆமாம்! 'நீங்களே பாத்து சொல்லுங்கக்கா!'

கவலை வந்தால் எனக்குத் தூக்கம் வராது, போனில் எதையாவது படிப்பேன். அன்று இதைத்தான் தோண்டித் தோண்டிப் படித்தேன். லோக்சபாவில் கட்சிக்கு ஒரு தலைவர், ராஜ்யசபாவில் ஒரு தலைவர், அவர்களுக்குத் துணைத் தலைவர்கள், அப்புறம் கொறடா. முக்கியமான ஓட்டெடுப்பு வந்தால் கொறடா உத்தரவு அனுப்புவாராம். அதில் வரிக்கு அடியில் கோடு போட்டிருக்குமாம். ஒரு கோடு என்றால் லேசு. மூன்று கோடு என்றால் வந்தே தீர வேண்டும், சொன்னபடி ஓட்டுப் போட்டே தீர வேண்டும். மீறினால் எம்.பி. பதவிக்கே ஆபத்து.

அப்படியானால், சபைக்குள் போனபிறகு ஒரு எம்.பி. தன் ஊருக்காக முரண்டு பிடிக்க முடியாது. பிடிப்பதானால் எங்கே பிடிப்பது? கதவைச் சாத்திக்கொண்டு கூடுகிறார்களே, அந்தக் கட்சிக் கூட்டத்தில்தான். உள்ளே சண்டை, வெளியே ஒரே குரல். அதற்குத்தான் அந்த அறை. அங்கேயும் கைதட்டி எழுந்து வந்துவிட்டால்?

வேறு சில நாடுகளில் எம்.பி.க்கள் ரகசியமாகச் சீட்டில் எழுதிப் போட்டுத் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குறைந்த ஓட்டு வாங்கியவர் விலக, மீதிப் பேருக்கு மறுபடி ஓட்டு. தலைவர் சரியில்லை என்றால் அதே ஆட்கள் இறக்கியும் விடுகிறார்கள். கட்சி உடைந்தா போய்விட்டது? மறுநாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எதிர்க்கட்சியோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

எங்களுக்கும் கதவு சாத்திய அறை ஒன்று இருக்கிறதே! சூப்பர்வைசர் இல்லை, மேடம் இல்லை. சக்கரம் வைத்த அறை.

முடிவு பண்ணிவிட்டேன். யாரையாவது நிற்க வைப்பது. 'யாரையாவது' என்றால், என்னைத் தவிர!

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் என் பக்கத்து சீட் நசீமாவிடம் மெதுவாகச் சொன்னேன். நசீமாவுக்கு வாய் ஜாஸ்தி, பயம் கம்மி.

"நானா? எனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்றாள். "நான் ஏர்றது மாதனூர்ல. உனுக்கு இன்னாடி நட்டம்னு அக்கா ஒரே வார்த்தைல உக்கார வெச்சிடும். உள்ளூர்ல எறங்கறவதான் நிக்கணும். நீ நில்லு."

"எனக்குக் கை கால் நடுங்குது நசீமா."

"நடுங்கட்டுமே. உக்காந்துனு நடுங்கறத நின்னுனு நடுங்கு."

ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ் நின்றது. நான் எழுந்தேன். நடுங்கிக்கொண்டுதான்.

"அக்கா… வெள்ளிக்கிழமை யாரு போறதுன்னு எல்லாரையும் கேட்டு முடிவு பண்லாம்க்கா."

ரமணி அக்கா திரும்பினார். "கேட்டுட்டுதான போனேன்? பாத்து சொல்லுங்கன்னு சொன்னது யாரு? நீயும்தான மல்லிகா?"

"நானும்தான்க்கா. பஸ்ஸு மொத்தமும்தான். ஆனா பஸ்ஸு உள்ள வர்லன்னா தேவிக்கு வேலை போவுது. அதுக்கு யாருமே சரின்னு சொல்லலியேக்கா."

தேவி பின் சீட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ரமணி அக்கா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி. எனக்கு பதிலா யாரு? நீயா?"

"…நான்தான்க்கா."

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப கை தூக்கி எண்ணிடுங்க."

"யாரு தூக்குவா?" என்றாள் நசீமா. "அக்கா திரும்பி ஒரு மொற மொறைச்சா பாதி கை கீழ எறங்கிடும்!"

பஸ் சிரித்தது. ரமணி அக்காவுக்கும் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார்.

நசீமாதான் வழி சொன்னாள். எங்கள் பஸ்ஸில் தினமும் காலையில் எல்லோரும் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துத் தூங்கிக்கொண்டே போவோம். நெற்றியில் கோடு விழுந்திருக்கும். எங்கள் செக்‌ஷனில் அந்தக் கோட்டைப் பார்த்தே பஸ்ஸில் வந்தவளா, நடந்து வந்தவளா என்று சொல்லிவிடுவார்கள். "அதே மாரி கவுந்துக்கோங்கடி. அக்காவும்தான். கைய மட்டும் தூக்குங்க. சேகரண்ணன் கண்ணாடில எண்ணட்டும்."

சேகர் அண்ணன் பதறினார். "எம்மா, நான் கம்பெனி ஆளு. என்ன இதுல இழுக்காதீங்க."

"தெனம் கண்ணாடில எங்க தலைய எண்ணிட்டுதான வண்டிய எடுக்கறீங்க? இன்னிக்கு கைய எண்ணுங்கண்ணா" என்றாள் நசீமா.

"எண்ணு சேகரு" என்றார் ரமணி அக்கா. "நானும் தெரிஞ்சிக்கறேன்." சொல்லிவிட்டு முதல் ஆளாக நெற்றியைக் கம்பியில் வைத்தார். அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அந்த இடத்தில் கொஞ்சம் கூடிற்று.

எல்லோரும் கவிழ்ந்தோம். முதலில் ரமணி அக்கா பெயர். புடவை உரசும் சத்தம், வளையல் சத்தம். பிறகு என் பெயர். மறுபடி வளையல் சத்தம். ஜாஸ்தியா, கம்மியா? கண்ணைத் திறந்து பார்க்கத் துடித்தேன். திறக்கவில்லை. அதற்குள் ரயில் போய், கேட்டைத் தூக்கிவிட்டார்கள். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

"யோவ் இருய்யா, எண்ணினு இருக்கறோம்ல!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார் தேர்தல் அதிகாரி.

பிறகு சொன்னார். "ரமணியம்மாவுக்கு ரெண்டு கை ஜாஸ்தி."

தோற்றுவிட்டேன்.

கைதட்டல் இல்லை, சால்வை இல்லை. எல்லாம் போச்சு, அக்காவையும் பகைத்துக்கொண்டோம், தேவிக்கும் உதவவில்லை என்று மதியம்வரை ஊசியில் நூல் நிற்கவில்லை எனக்கு. டீ பிரேக்கில் ரமணி அக்கா என் மெஷின் பக்கம் வந்தார்.

"எனக்கு எதிரா இத்தினி கையாடி?"

"உங்களுக்கு எதிரா இல்லக்கா."

"யாரு யாரு?"

"தெரியாதுக்கா. கவுந்துனு இருந்தோமே."

"அந்த சேகரும் சொல்ல மாட்றான்" என்று முனகிக்கொண்டே போனார்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. எந்தக் கை என்று தெரியவில்லை இல்லையா? அன்று மாலை ரமணி அக்கா முதல் சீட்டில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக வந்தார். "உன் வூடு எங்க? ஸ்டாப்லேருந்து எவ்ளோ தூரம்? கூட யாராச்சும் வர்றாங்களா?" எல்லோரையும் கேட்டார். யார் எதிர்த்தது என்று தெரியாததால், எல்லோரையும் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது!

மாதனூர் வந்தது. அவர் இறங்கவில்லை.

"இன்னாமா, வூடு வந்துடுச்சே?" என்றார் சேகர் அண்ணன்.

"ஓட்டு. உள்ள போய்ட்டு வர்லாம்."

அக்கா தினமும் காலையில் வெளிச்சத்தில், அதுவும் நெற்றியைக் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டு கடந்த ரோடுதான் அது. மாலையில் அவர் எப்போதும் பாதியில் இறங்கிவிடுவார். ஏரிக்கரையில் பஸ் லைட்டைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. என் தெருவுக்கு முந்தின முனையில் தேவி இறங்கினாள். பஸ் திரும்பியதும் அவள் நின்ற இடமே தெரியவில்லை.

ரமணி அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "இதுலயா நடக்கச் சொல்லி சரின்னுட்டு வந்தேன்…"

வெள்ளிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டுதான் ஹெச்.ஆர். ரூமுக்குப் போனார். "எதிர்த்து நின்ன இல்ல? வா. நான் எதுக்குனா தலையாட்னா இடுப்புல கிள்ளு." டெல்லியில் தலைவர் சொன்னபடி எம்.பி.க்களை நடக்க வைப்பவர் கொறடா. எங்கள் பஸ்ஸில் தலைவரையே கிள்ளும் கொறடா ஆனேன் நான்!

கிள்ள வேண்டி வரவில்லை.

"போன தடவை ஓகே சொன்னீங்களே ரமணி?" என்றார் மேடம்.

"அது என் வாய் சொன்னது மேடம். இப்ப பஸ்ஸே சொல்லுது, வேணாம்னு."

ஒரு மணி நேரம் இழுத்தது. டீசல், ரோடு, நேரம்… மேடமும் தன் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் பாதிக்குப் பாதி. காலையில் வெளிச்சம் இருப்பதால் நாங்கள் ஹைவேக்கு நடந்து வர வேண்டும். மாலையில் பஸ் உள்ளே வரும், ஏரிக்கரை தாண்டி ஊர்வரைக்கும். கையெழுத்து.

காலை நடையை நினைத்தால் இப்போதே கவலையாக இருக்கிறது. மழைக்காலத்தில் என்ன செய்வது? அதற்கும் பேசத்தான் போகிறோம். விடப் போவதில்லை. ஆனால் தேவி வேலைக்கு வருகிறாள். இந்த வாரம் முழுக்க வந்தாள்.

ஒருமனதாக வந்த தலைவருக்கு ஒரு வசதி உண்டு, யாரையும் கேட்க வேண்டாம். ரெண்டு கையில் ஜெயித்தவருக்கு அந்த வசதி கிடையாது. எங்கள் ஏரிக்கரையைக் காப்பாற்றியது என் வெற்றி இல்லை, என் தோல்விதான். நின்று தோற்றேனே, அந்தத் தோல்வி.

நேற்று பஸ்ஸில் ரமணி அக்கா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏன்டி, அடுத்த தடவையும் எனக்கு எதிரா நிப்பியா?"

கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"நிப்பேன்க்கா."