திருப்பிக் கொடுத்த வீடு

டெங்கில் என்ற ஊரிலிருந்த வீட்டை நாங்கள் முதன்முதலாகப் பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. துறைமுகக் கிடங்கில் எனக்கு அந்த ஒரு நாள்தான் விடுப்பு. கிள்ளானில் நாங்கள் இருந்த வீடு பெரிய சாலையை ஒட்டியது. லோரிப் புழுதி ஓயவே ஓயாது. என் மனைவிக்கு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வரும் நோய். நல்ல காற்றுள்ள இடத்துக்குப் போனால் இருக்கிற மூச்சையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். மகளைப் பெற்று வளர்த்த வீட்டை அதற்காகவே விற்கத் துணிந்தோம்.

டெங்கில் வீடு மாடியில்லாத வரிசை வீடு. சற்றுத் தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். விற்க வந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், பேச்சில் அவ்வளவு நிதானம். சமையலறைக் கதவைத் திறந்தபோது பின்சுவருக்கு அப்பால் பெரிய தகரக் கொட்டகை ஒன்று தெரிந்தது. ஷட்டர் இறக்கியிருந்தது. என் மனைவிதான் கேட்டாள்.

"சார், அது என்ன இடம்? எனக்கு நுரையீரல் சரியில்ல, அதான் கேக்குறேன்."

"வெறும் ஸ்டோர்தாம்மா. மேசை நாற்காலி போட்டு வச்சிருக்காங்க. சத்தம் இல்ல, புகை இல்ல, ஒண்ணும் இல்ல லா."

அவள் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த ஞாயிறும் ஒருமுறை வந்து, பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். தோட்டத்திலிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது. பிறகு கையெழுத்துப் போட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் குடிவந்தோம். மறுநாள் காலை கிடங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பின்னால் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் இயந்திரம் ஒன்று உறும, வார்னிஷ் நெடி சமையலறைக்குள் வந்து நின்றது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டு, பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். முகமூடி போட்ட இரண்டு பேர் அலமாரிகளுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டேன். வருஷக்கணக்காக நடக்கிறது, ஞாயிறு மட்டும்தான் லீவு என்றார்கள்.

அந்த ஆசிரியருக்குப் போன் போட்டேன். தமக்கு எதுவும் தெரியாது என்றார். இருந்தாலும் வாங்குகிறவர்கள்தான் நன்றாகப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

பிரிக்பீல்ட்ஸில், புடவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த வழக்கறிஞரைப் பார்க்க மகள்தான் எங்களை அழைத்துப் போனாள். வழக்கறிஞருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். படியேறி வந்த களைப்பு தீரும்வரை என் மனைவியைப் பேசவிடாமல், தண்ணீர் கொடுத்துக் காத்திருந்தார். பிறகு நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, நாங்கள் கேட்ட கேள்வியையும் ஆசிரியர் சொன்ன பதிலையும் வார்த்தை மாறாமல் மறுபடி சொல்லச் சொன்னார். அவர் வாயே திறக்காமல் இருந்திருந்தால் வழக்கு கஷ்டம், கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னதுதான் நமக்குப் பிடி என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் வாங்கினோம் என்பதால், ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை எங்களுக்கு இருந்தது.

"ரெண்டு வழி இருக்கு அங்கிள். ஒண்ணு, முழுசா ரத்து பண்றது. வீடு அவர்கிட்ட போயிரும், பணம் உங்ககிட்ட வந்துரும், ஒப்பந்தமே நடக்காத மாதிரி. இன்னொண்ணு, வீட்ட வச்சிக்கிட்டு நஷ்டஈடு கேக்குறது. ரெண்டையும் கேக்க முடியாது. எதுவா இருந்தாலும் சீக்கிரம் சொல்லணும். சும்மா இருந்துட்டா, நீங்க ஏத்துக்கிட்டீங்கன்னு ஆயிரும்."

ரத்துதான் வேண்டும் என்று நான் சொன்னேன். என் மனைவி வேறொன்று கேட்டாள்.

"அவரு தெரிஞ்சேதான் சொன்னாருன்னு அவரு வாயால சொல்ல வைக்க முடியுமாம்மா?"

சட்டத்தில் அப்படி ஒரு பரிகாரம் இல்லை என்று வழக்கறிஞர் மெதுவாகச் சொன்னார்.

ரத்து நோட்டீஸ் அந்த வாரமே போனது. ஆனால் வழக்கு முடிகிறவரை எங்கே இருப்பது? கிள்ளான் வீட்டை விற்ற பணம் முழுவதும் டெங்கிலில் முடங்கிக் கிடந்தது. மகள் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தாள். சின்ன வீடு, லிஃப்ட் அடிக்கடி பழுதாகும். வாரநாட்களில் என் மனைவி அங்கே இருந்தாள். சனிக்கிழமை மாலை போய் அவளை அழைத்துவருவேன். ஞாயிறு முழுவதும் பின்கதவைத் திறந்துபோட்டு, அதே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். கீரை ஆய்வாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே கதை பேசுவாள். அந்த ஒரு நாள் மட்டும் ஆசிரியர் சொன்னது உண்மையாக இருந்தது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை.

"நல்ல வீடுங்க இது," என்றாள் ஒருநாள். "பாவம், அது என்ன பண்ணும்."

விசாரணைத் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. மூன்றாவது தேதிக்காகக் காத்திருந்தபோது அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். திரும்பி வரவில்லை. அந்த நெடியால்தான் இப்படி ஆனதா என்று டாக்டரிடம் கேட்டேன். இந்த நோய் எப்படியும் முற்றும் நோய்தான், எதனால் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். வழக்கறிஞரும் அதையேதான் சொன்னார். அதனால் அவள் சாவு வழக்கின் கணக்கில் சேரவில்லை. சாட்சிப் பட்டியலில் அவள் பெயரை மட்டும் அடித்துவிட்டார்கள்.

ஷா ஆலம் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார். வாரநாளில் ஒருமுறை போய்ப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்குமே, சாதாரணக் கவனமுள்ள மனிதன் அதைச் செய்திருக்க மாட்டானா? எனக்கு ஞாயிறு மட்டும்தான் விடுப்பு என்றேன். ஒருநாள் விடுப்பு எடுத்திருக்கலாமே என்றார். எடுத்திருக்கலாம்தான். வீட்டில் படுக்கும்போதெல்லாம் அதைத்தானே நானும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆசிரியர் கூண்டில் ஏறினார். மெலிந்து போயிருந்தார். எங்கள் வழக்கறிஞர் குரலை உயர்த்தவேயில்லை. அத்தனை வருஷம் இருந்த வீட்டை ஏன் விற்றீர்கள் என்று மட்டும் கேட்டார். அவர் கூண்டின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பேரப்பிள்ளைக்கு இளைப்பு. அந்த வாடைக்கு ஒத்துக்கல. மக வீட்டுக்கு வர்றதையே நிப்பாட்டிட்டா."

"அப்போ தெரிஞ்சேதான் சொன்னீங்க."

"ஆமா. தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவர் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் என் கையைப் பிடித்தாள். என் மனைவி கேட்ட அந்த ஒரு வாக்கியம் எந்தப் பரிகாரத்திலும் சேராமல், அந்தக் குளிரூட்டிய அறையில் யாருக்கோ சொன்னதுபோல வந்து போயிற்று. எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை.

நேருக்கு நேர் கேட்டு, நேருக்கு நேர் பதில் வாங்கிய ஒருவர் அதற்குமேல் துப்பறியத் தேவையில்லை என்றார் நீதிபதி. ஒப்பந்தம் ரத்தானது. இருதரப்பும் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் வாழ்த்துச் சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வீட்டை எப்படி வாங்கினோமோ அப்படியே ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் தனியாகப் போனேன். குளியலறையில் அவள் பிடித்து எழுந்திருக்க ஓர் இரும்புக் கம்பி பொருத்தியிருந்தேன். அதை விட்டுவிட்டுப் போனாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். ஆனாலும் அதை அங்கே விட மனம் வரவில்லை. திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சுவரில் இருந்த ஓட்டைகளில் வெள்ளைப் பூச்சை அடைத்துத் தேய்த்தேன். நிறம் ஒத்துவரவில்லை.

மறுநாள் ஆசிரியரே சாவி வாங்க வந்திருந்தார். கூடவே வழக்கறிஞர் அலுவலகத்துப் பெண் ஒருத்தி. அவர் அறை அறையாகப் பார்த்துவிட்டுக் குளியலறை வாசலில் நின்றார். அடைத்த இடங்களைப் பார்த்தார்.

"தம்பி," என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"தண்ணி மீட்டர் அளவ எழுதிக்கிட்டாங்களான்னு பாருங்க சார்," என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டு வாசல் பக்கம் போனார். நான் கம்பியைத் துணியில் சுற்றிக் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு செந்தூலுக்குக் கிளம்பினேன்.