மலை ஏறக்கூடாத வருஷம்

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஆகாது என்றுதான் சொந்தபந்தம் முழுக்க எதிர்பார்த்தது. அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட இரண்டு பெண்கள் ஒரே அடுப்பில் சிரித்துக்கொண்டே பொங்கியதாக எங்கள் பக்கம் கதையே கிடையாது. நாங்களும் வழக்கத்தைக் கெடுக்கவில்லை, மாமியார் வீட்டில் இருந்த வரைக்கும் நன்றாகவே சண்டை போட்டோம். பிறகு அவள் திண்டிவனத்திலும் நான் விழுப்புரத்திலுமாகத் தனிக்குடித்தனம் போனோம். கண்ணுக்கு மறைவானதும் பாசம் வந்துவிட்டது. அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள்.

விழுப்புரத்தில் காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்க வருகிற ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து ஒரு மூத்தோர் மன்றம் வைத்திருக்கிறோம். ஆரம்பத்தில் வருஷா வருஷம் கோயில் யாத்திரைதான். "கோயில் கோயிலா ஏறி எறங்கி முட்டி தேஞ்சதுதான் மிச்சம். ஒரு தபா பனியப் பாத்துட்டு வருவமே" என்று ஒருவர் கிளப்பிவிட்டார். அந்தத் தை மாசம் மணாலிக்குப் போனோம். அதற்கப்புறம் தை என்றால் எங்களுக்குப் பனிதான். அக்காவையும் திண்டிவனத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்து மன்றத்தில் சேர்த்துவிட்டேன்.

ரயிலில் எங்கள் கூத்தைப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் கீழ் பெர்த்துதான் வேண்டும். நடு பெர்த்தில் ஏறப் பயப்படுகிற கூட்டம் இமயமலையில் ஏறப் போகிறது. ஆளுக்கொரு தூக்கு புளிச்சோறு, இட்லிப்பொடி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை உருண்டை. டில்லி தாண்டுவதற்குள் பாதிப் பேருக்கு வயிறு உப்பிவிடும். அங்கே போய் வாடகைக்குக் கனமான கோட்டும் கால்சட்டையும் பூட்சும் எடுத்துப் புடவைக்கு மேலேயே மாட்டிக்கொள்வோம். பனியில் இறங்கினால் நெல் மூட்டைகள் எழுந்து நடப்பது போலத்தான் இருப்போம்.

மற்றவர்கள் பனியை அள்ளி எறிந்து போட்டோ எடுத்துக்கொண்டு டீக்கடைக்குள் ஒதுங்கிவிடுவார்கள். அக்கா மட்டும் முதல் வருஷமே பனிச்சறுக்குக் கட்டை இரண்டையும் காலில் மாட்டச் சொன்னாள். விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். கற்றுக்கொடுக்கிற ஆள் இந்தியில் ஏதோ கத்த, இவள் தமிழில் பதிலுக்குக் கத்த, எப்படியோ இரண்டு பேருக்கும் புரிந்துபோனது. சாயங்காலத்துக்குள் சின்னச் சரிவில் வழுக்கிக்கொண்டு வந்து என் காலடியில் நின்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வயசுக்கு வந்த நாள்ல இருந்து ஓடாத ஓடாதன்னு சொல்லியே வளத்தாங்கடி. இங்க ஓடாம நிக்கறதுதான் கஷ்டமாக் கீது" என்றாள்.

அதற்கடுத்த தையிலும் போனோம். சின்னச் சரிவுக்கு மேலே இன்னொரு பெரிய சரிவு இருக்கிறது. அதன் உச்சியில் வரிசையாகக் கொடி நட்டிருப்பார்கள். ஊர் திரும்புகிற அன்று கற்றுக்கொடுத்த ஆள் அந்தக் கொடியைக் காட்டி, அடுத்த வருஷம் அங்கேயிருந்து வரலாம் என்று சைகையில் சொன்னான். ரயில் ஏறியது முதல் அக்காவுக்கு அதே பேச்சு. அந்த வருஷம் முழுக்கத் திண்டிவனத்தில் மாடிப்படி ஏறி இறங்கி முட்டியைப் பழக்கிக்கொண்டிருந்தாள். மாமா, அதாவது அவள் கணவர், மோட்டார் கொட்டகையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இந்த வேல" என்று முணுமுணுத்துவிட்டுப் போவாராம். எங்கள் வீட்டு ஆண்கள் மன்றத்துப் பக்கமே வந்ததில்லை. என் கணவருக்குக் குளிர் ஆகாது. மாமாவுக்கு நிலத்தை விட்டு வர மனசு வராது. தடுத்ததும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அக்கா என்னைப் பாண்டிச்சேரிக்குக் கூப்பிட்டாள். புடவை எடுக்க என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, கறிக்கு விலை சொல்லுகிற குரலில் சொன்னாள்.

"கணையத்துல கட்டி. டாக்டர் சுத்தி வளைச்சிப் பேசறாரு. நான்தான் ரிப்போர்ட்டப் படிச்சிக்கினேனே. இந்தத் தை வரைக்கும் கால் நிக்கும். அடுத்த தை எனக்குக் கெடையாது."

ஆபரேஷன், சென்னை, வேலூர் என்று என்னென்னவோ உளறினேன். அவள் கையமர்த்தினாள். வார்டில் எத்தனை பேரைப் பார்த்திருப்பாள்.

"யாருகிட்டயும் சொல்லக்கூடாது. சொன்னா உங்க மாமா என்னப் படுக்க வச்சிடுவாரு. ஜனமெல்லாம் சாத்துக்குடியும் ரொட்டியுமா வந்து கட்டிலச் சுத்தி உக்காந்துக்கும். மன்றத்துல சீட்டக் கிழிச்சிடுவாங்க. நான் ஒரு தபா மேல இருந்து வந்துட்டு, அப்புறமாப் படுத்துக்கறேன்."

மன்றத்தில் யாருக்காவது பெரிய வியாதி என்று தெரிந்தால் பயணத்துக்குச் சேர்ப்பதில்லை. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். டிக்கெட் போட்டாயிற்று. தைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

கார்த்திகையில் எங்கள் மாமியார் போய்ச் சேர்ந்தார். பேரன் பேத்திக்கெல்லாம் பிள்ளை பார்த்த கிழவி. தாரை தப்பட்டை, வாணவேடிக்கை என்று கல்யாணச் சாவாகத்தான் எடுத்தோம். கருமாதிப் பந்தலில் மாமா எல்லோர் முன்னிலையிலும் சொன்னார், "வருஷம் திரும்பற வரைக்கும் நம்ம வூட்டுல நல்ல காரியம் கெடையாது, பண்டிகை கெடையாது, மலை ஏறக்கூடாது."

எங்கள் பக்கம் இது ஒன்றும் புதிதில்லை. வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்கு மலை ஏற மாட்டோம். ஆனால் அது மலைக்கோயிலுக்குத்தான் என்று நான் நினைத்திருந்தேன். பந்தலில் நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பந்திக்கு இலை துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

எனக்கு அடங்கவில்லை. என் கணவரிடம் சொன்னால், "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் பிறந்ததிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுநாள் பஸ் பிடித்து மேல்மலையனூருக்குப் போனேன். எங்கள் குலதெய்வம் அங்கேதான். தீட்டு வீட்டுக்காரி என்பதால் கோயிலுக்குள் போகாமல் பூசாரியை அவர் வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்டேன். அவர் சிரித்தார். "சாமி இருக்கற மலைதாம்மா ஏறக்கூடாது. சும்மா மலைக்கு இன்னா? தாராளமாப் போய்ட்டு வாங்க."

அந்த ஒரு வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்ட மாதிரி நேராகத் திண்டிவனம் போனேன். மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார், நெற்றி நிறையத் திருநீறு. பூசாரி சொன்னதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"அவரு சொன்னது சரிதாம்மா" என்று நிதானமாக ஆரம்பித்தார். "மாசா மாசம் கிருத்திகைக்கு மயிலம் போறவன் நானு. இப்ப கீழயே நின்னு கும்பிட்டுட்டு வர்றேன். அந்தச் சின்னக் குன்றுலயே ஏறக்கூடாதுன்னா, நீங்க போறது எந்த மலை? இமயமலை. கைலாசம் இருக்கற மலை. அது முழுசும் சாமியோட வூடு. அதுல தீட்டோட போய்க் கால வைக்கலாமா, நீயே சொல்லு."

பூசாரியின் வார்த்தையை வைத்தே என்னை மடக்கிவிட்டார். இதே சாமி வீட்டில் இரண்டு வருஷமாக நாங்கள் பூட்ஸ் காலோடு உருண்டுகொண்டிருந்தது அவருக்கு நினைவில்லையா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டு அக்கா பேசட்டும் என்று பார்த்தேன். அவள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்விட்டாள்.

பின்னாலேயே போய், "சொல்லித் தொலைக்கா! உனக்கு இன்னா ஆயிருக்குன்னு சொல்லு. மனுசன் எறங்கி வருவாரு" என்று பல்லைக் கடித்தேன்.

"சொன்னா மட்டும் உடுவாரா? இன்னிக்கித் தீட்டுன்னு உடல. சொன்னா நோவுன்னு உடமாட்டாரு. அதுக்கு இது மேலுடி. தீட்டுன்னா வூட்டுல எல்லார்க்கும் பொது. நோவுன்னா நான் மட்டும் தனியாப் போயிடுவேன்." சொல்லிவிட்டு எனக்குக் காப்பி கலக்கத் திரும்பினாள். பேஜாரான பொம்பளை என்று திட்டினேன். அவள் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

மன்றத்தார் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போனார்கள். அந்தத் தையில் எங்கள் வீட்டில் பொங்கல் பானையும் ஏறவில்லை. மணாலியிலிருந்து வாட்ஸ்அப்பில் படமாக வந்து விழுந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே அக்கா விழுப்புரம் வந்தாள். ஒரு சுற்று இளைத்திருந்தாள். யாரோ ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கட்டையோடு சரிந்து விழுகிற வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

"முட்டிய மடக்கவே இல்ல பாரு அவரு. மடக்கினாத்தான நிக்கும்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள். பஸ்ஸில் நோவைச் சொன்னபோது அழாதவள். நானும் கூடவே அழுதேன். என் கணவர் எட்டிப் பார்த்து, மாமியாரை நினைத்து அழுகிறோம் என்று நினைத்து, "விடுங்க, வயசாகித்தானே போச்சு" என்று ஆறுதல் சொன்னார்.

சித்திரையில் கண் மஞ்சளானது. அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. மாமா பாண்டிச்சேரிக்கும் சென்னைக்குமாக அலைந்தார். அவள் சொன்னபடியே சாத்துக்குடியும் ரொட்டியும் வந்து குவிந்தன, கட்டிலைச் சுற்றி ஜனம் உட்கார்ந்தது. ஆடி முடிவதற்குள் போய்விட்டாள். மாமியாரின் வருஷம் திரும்பக்கூட இல்லை.

கருமாதி முடிந்து ஜனம் கலைந்த பிறகு மாமா என்னைக் கூப்பிட்டார். "ஐப்பசியிலயே தெரியுமாம்மா அவளுக்கு? ஆஸ்பத்திரிச் சீட்டுல போட்டிருக்குது."

"தெரியும் மாமா."

அவர் சீட்டை மடித்து வைத்துக்கொண்டார். எனக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்து கைலாசம் பேசினாரே, அதற்கு ஒருநாள் முகத்துக்கு நேராகக் கொடுக்க வேண்டும் என்று என்னென்ன வார்த்தையோ சேர்த்து வைத்திருந்தேன். சமைக்கும்போதும் துவைக்கும்போதும் அதையே எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

மார்கழியில் ஒரு காலையில் மாமா சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி விழுப்புரம் வந்தார். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, "மன்றத்துல எனக்கும் ஒரு சீட்டு சொல்லும்மா" என்றார்.

மாமியாரின் வருஷம் முடிந்திருந்தது. அக்காவின் வருஷம் பாதிகூட ஆகவில்லை. எனக்கு இருந்த ஆத்திரத்தில், "வருஷம் ஆவலயே மாமா. மலை ஏறலாமா?" என்று குத்தினேன்.

"தெரியும்மா. நீ சீட்டு சொல்லு" என்றார்.

ரயிலில் அவருக்கு மட்டும் மேல் பெர்த்து கிடைத்தது, மறுக்காமல் ஏறிப் படுத்துக்கொண்டார். பனியில் வேட்டியை அவிழ்க்க மாட்டேன் என்று அதன்மேலேயே வாடகைக் கால்சட்டையை ஏற்றிக்கொண்டு நின்றார். வேறு யாராவது அப்படி நின்றிருந்தால் சிரித்திருப்பேன்.

"எங்க இருந்து வரணும்னு இருந்தா?" என்று கேட்டார்.

மேலே கொடி நட்டிருந்த இடத்தைக் காட்டினேன். கட்டையெல்லாம் வேண்டாம் என்று கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்துவிட்டார். மூச்சு வாங்க நின்று நின்று ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். உச்சிக்குப் போனதும் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார். எங்களைத் தாண்டிச் சின்னப் பெண்கள் கத்திக்கொண்டே கீழே வழுக்கிப் போனார்கள். கீழே எங்கள் மன்றத்தார் டீக்கடையை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சுற்றுமுற்றும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இங்க எங்கம்மா சாமி?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தேடினார். நான் காத்திருந்த நேரம் இதுதான். சேர்த்து வைத்திருந்த அத்தனை வார்த்தையும் தொண்டை வரைக்கும் வந்தது. அவர் மூக்கு ஒழுகுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கி நீதானம்மா கேட்ட. அவ கேக்கவே இல்லியே. அவ வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா உட்டிருப்பேம்மா" என்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "உட்டிருப்பேன் இல்ல?"

"உட்டிருப்பீங்க மாமா" என்றேன்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.