பட்டுக் கவுண்

மல்லாவி ஊர்த் தையல்காரி தாட்சாயினி, கனடாவிலிருந்த இராசமலர் அன்ரிக்கு ஆறு வருடமாகத் தைத்து வந்தாள். அன்ரி அந்தக் காலத்து அலங்காரப் பொம்மைகளைச் சேர்ப்பவர். அவர் அனுப்பும் பழைய படங்களைப் பார்த்து, சாண் உயரப் பொம்மைகளுக்கு அறுபது வருடத்துக்கு முந்திய மோஸ்தரில் கவுண் தைத்து அனுப்புவாள். பொம்மைகளை அவள் நேரில் கண்டதே இல்லை.

பட்டுக் கவுணுக்கு ஒரு கை மட்டும் பாக்கியாக இருந்தபோது அன்ரியின் மகன் அழைத்தான்.

“அம்மா மோசம் போயிட்டா அக்கா, செத்தவீடும் முடிஞ்சுது. பொம்மையள் எல்லாத்தையும் வித்துப்போட்டம். இனித் தைக்கவேண்டாம்.”

“நான் தைச்ச சட்டையளோடயோ தம்பி?”

“ஓம், அதுகளோடதான்.”

யார் வாங்கியது என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

மிச்சக் கையையும் தைத்து முடித்தாள். யாருக்கு அனுப்புவதென்று தெரியாமல், கவுணை உள்ளங்கையில் ஏந்தியபடி மெஷினுக்கு முன்னால் அப்படியே இருந்தாள்.