வேலைக்குப் போகக் கூடாத வெள்ளிக்கிழமை

சும்மா உட்காருவது எப்படி என்று கெர்லிண்டே ஹேஃபெலேவுக்குத் தெரியவே தெரியாது. தெற்கு ஜெர்மனியின் ஷுவாபியப் பகுதியில், ஒரு சின்ன ஊரின் பல்சக்கரத் தொழிற்சாலையில் முப்பது வருஷமாக லேத் ஓட்டுகிறவள்.

2009 பிறந்ததும் உலகம் முழுக்க வியாபாரம் படுத்துவிட்டது. ஆர்டர் பாதிகூட வரவில்லை. ஆனால் தொழிற்சாலை ஆளைக் குறைக்கவில்லை, நேரத்தைக் குறைத்தது. எல்லோருக்கும் வாரம் மூன்றே நாள் வேலை. விட்டுப்போன சம்பளத்தில் பெரும்பகுதியை அரசு கொடுக்கும். ஒரே நிபந்தனை, ஓய்வு நாளில் கணக்கில் எழுதாமல் யாரும் வேலை செய்யக் கூடாது.

முதல் வெள்ளிக்கிழமை குடியிருப்பின் படிக்கட்டைத் தேய்த்துக் கழுவினாள். மேல்வீட்டு க்யூப்லர் அம்மா கத்தினாள்: "இந்த வாரம் என் முறை! என் படிக்கட்டை நீ எதுக்குக் கழுவுற?"

அடுத்த வெள்ளி, தாங்க முடியாமல் தொழிற்சாலைக்குள் நழுவி லேத்துக்கு எண்ணெய் போட்டாள். தொழிலாளர் குழுத் தலைவர் வால்ட்டர் கையும் களவுமாகப் பிடித்தார்.

"பைத்தியமா உனக்கு? யாராவது பாத்தா அரசு காசு மொத்தமும் நின்னுடும். அப்புறம் ஆளைத்தான் குறைப்பாங்க. முதல்ல போறது யாரு? கடைசியா சேர்ந்த நூர்குல்!"

நூர்குல் பக்கத்து மெஷின்காரி. கெர்லிண்டே எண்ணெய்க் குப்பியை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

வசந்தம் வந்தது. ஒரு வியாழன் மாலை ஃபோர்மேன் ஏகோன் போன் செய்தான்.

"அவசர ஆர்டர் ஒண்ணு. நாளைக்குச் சத்தமில்லாம வந்து முடிச்சுக் குடு. வருகைக் கார்டு போட வேண்டாம். உன் கைக்குத்தான் இது வரும்."

கை துறுதுறுத்தது. இத்தனை வாரமாக அவள் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தானே!

"வர மாட்டேன்."

"என்ன, சோம்பேறி ஆயிட்டியா?"

"ஆமா, கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன். வேலை இருக்குன்னா நேரா சொல்லு. வால்ட்டர்கிட்ட பேசு, மணிக்கணக்கை ஒழுங்கா எழுது, முழுச் சம்பளம் குடு. நூர்குலையும் கூப்பிடு."

"அவளா? அவ இன்னும் கத்துக்குட்டி!"

"ரெண்டு லேத் ஓடினா சாயங்காலத்துக்குள்ள முடியும். நான் மட்டும்னா திங்கட்கிழமைதான். யோசிச்சுக்க."

போனை வைத்தாள். ஏகோன் கோபக்காரன், இத்தனை வருஷத்தில் அவனிடம் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. போன் மறுபடி அடிக்குமா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எழுந்து எதையும் துடைக்கவில்லை!

ராத்திரி எட்டு மணிக்குப் போன் அடித்தது.

"வால்ட்டர் சரின்னுட்டாரு. முதலாளியும்தான். காலைல ஆறு மணிக்கு, ரெண்டு பேரும் கார்டு போட்டுட்டு உள்ள வாங்க," என்றான் ஏகோன், கடுகடுவென்று.

அடுத்த நொடியே அவள் நூர்குலுக்கு போன் போட்டாள்.

"ஏ பொண்ணே, நாளைக்கு நமக்கு வேலை இருக்கு. லேட்டா வந்தே, தொலைஞ்சே!"